மதிப்பெண் தாளோடு கொல்லிமலைக்கு

நாமக்கல் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்குக் கொல்லிமலை வண்டி ஏறினேன். பையில் ஒரு குடை, இரண்டு எலுமிச்சம்பழம், நான்கு பேருக்கான மதிப்பீட்டுப் படிவம், முப்பது வாக்கியங்கள் அச்சிட்ட கருத்தறியும் தாள் நான்கு படி. எலுமிச்சம்பழம் பட்டறிந்து வாங்கியது. போன தடவை நாற்பதாவது வளைவிலேயே ஜன்னலோரக்காரரிடம் இடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

"டீச்சருங்களா?" என்றார் கண்டக்டர், சில்லறையை எண்ணிக்கொண்டே.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்நேரத்துக்கு ஃபைலோட ஏர்றவங்க வேற யாருங்க? ஒண்ணு டீச்சரு, இல்லேன்னா கணக்கெடுக்க வர்றவங்க."

இரண்டாவது சொன்னதுதான் எனக்குப் பொருத்தம். கல்வியியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். எங்கள் இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்கள் பதினாறு வாரம் பள்ளிகளில் பயிற்சியில் இருப்பார்கள். ஊர் ஊராகப் போய், அவர்கள் வகுப்பெடுப்பதைப் பார்த்து, மதிப்பெண் போட்டுவிட்டு வருவது என் வேலை. நான் படித்த காலத்தில் பி.எட். ஓராண்டுதான், பள்ளியில் நாற்பது நாள். நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் நம் ஆசிரியர் பயிற்சியின் லட்சணத்தைப் புட்டுப் புட்டு வைத்தது. அதற்குப் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் விதிகளை மாற்றியது. படிப்பு இரண்டாண்டு ஆயிற்று. பள்ளியில் இருக்கும் காலம் இருபது வாரம் ஆயிற்று, முதலாண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு.

நாள் கூடியது நல்லதுதான். ஆனால் அந்தப் பதினாறு வாரத்தில் ஒரு மாணவரின் வகுப்பில் நான் உட்காருவது இரண்டே பீரியட். மற்றதெல்லாம் காகிதமாகத்தான் என்னிடம் வந்து சேர்கிறது: பாடத்திட்ட ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி, தேர்வுப் பகுப்பாய்வு, நாட்குறிப்பு. பிரவுன் அட்டை போட்டு, ஓரம் கோடு இழுத்து, கட்டுக் கட்டாக.

நாமக்கல் கோட்டைப் பாறை இருட்டில் பின்னால் போனது. பாடி கட்டுவதற்காக வெறும் சேஸிஸாக நிற்கும் லாரிகள், முட்டை வண்டிகள், சேந்தமங்கலம். அங்கே ஒரு கும்பல் ஏறியது. காளப்பநாயக்கன்பட்டியில் இன்னும் கொஞ்சம். காரவள்ளி அடிவாரத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு. பக்கத்தில் பலகை: 1/70.

இந்த மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். எத்தனை கடந்தோம், எத்தனை பாக்கி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் மதிப்பீட்டுப் படிவமும் இப்படித்தான் இருக்கிறது. ஆர்வமூட்டலுக்கு இத்தனை, வினா கேட்கும் திறனுக்கு இத்தனை, கரும்பலகைப் பயன்பாட்டுக்கு இத்தனை, வலுவூட்டலுக்கு இத்தனை. கற்பித்தலைத் துண்டு துண்டான திறன்களாக நறுக்கிப் பழக்கும் வழக்கம் 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் உருவானது. பழகுவதற்கு அது உதவும், மறுக்கவில்லை. அளப்பதற்கு உதவுமா என்பதில்தான் எனக்குப் பல வருடச் சந்தேகம்.

இருபதாவது வளைவு தாண்டியதும் காற்று மாறியது. கீழே சமவெளி பனிமூட்டத்தில் தொட்டி நீர் போலத் தெரிந்தது. எதிரே குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று, சேகோ ஆலைக்கு இறங்குவது, வளைவில் எங்களுக்காக ஒதுங்கி நின்றது. எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டேன்.

என் நாற்பது நாளில் நடந்தது ஒன்று இந்த மாதிரிப் பயணங்களில் தவறாமல் நினைவுக்கு வரும். ஒன்பதாம் வகுப்பில் அடர்த்தி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், பனிக்கட்டி தண்ணிதானே, அப்புறம் ஏன் தண்ணியில மெதக்குது?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள் அந்த வகுப்பை இன்னொரு பயிற்சி மாணவிக்கு மாற்றிவிட்டார்கள். அவனை வராந்தாவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றைய ரெக்கார்டில் நான் எழுதியது: "மாணவர்களின் ஐயங்கள் தீர்க்கப்பட்டன." அந்த வரிக்குப் பக்கத்தில் என் பேராசிரியர் பச்சை மையில் டிக் போட்டு, நன்று என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் இன்று என் பக்கத்தில் இருந்திருந்தால் நான் எழுதித் தள்ளும் 'நன்று'களைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

செம்மேட்டில் இறங்கியபோது குளிர் எலும்பைத் தொட்டது. கார்த்திகை மாதம். குதிரைமேல் இருக்கும் வல்வில் ஓரி சிலையைச் சுற்றி மூடுபனி. டீக்கடையில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, பள்ளிக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்கள். அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி. இங்கே ஊராட்சிகளுக்கு 'நாடு' என்று பெயர்: வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு. ஒரு மலைக்குள் பல நாடு. வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழக்கில் சொல்லிவரும் கதை. நான் போனது எந்த நாட்டுப் பள்ளி என்பதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஹெச்.எம். வாசலிலேயே வரவேற்றார். நல்ல மனிதர், மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"உங்க பசங்க தங்கமான பசங்க மேடம். இவங்க இல்லேன்னா இத்தனை நாள் பள்ளிக்கூடமே ஓடியிருக்காதுங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் இல்லாமல் பள்ளி ஓடாது என்றால் அவர்கள் என்ன வேலைக்கு வந்தார்கள்? இதில் நமக்கு ஒரு பூர்வீகப் பெருமை உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், ஆசிரியர் குறையை மூத்த பிள்ளைகளைக் கொண்டே ஈடுகட்டினார். ஒரு பையன் படித்து, அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரை போனது. சம்பளமில்லாத வாத்தியாரைக் கண்டுபிடித்த ஊர் என்ற பட்டத்தை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது.

முதல் பீரியட் எட்டாம் வகுப்பு அறிவியல். பயிற்சி மாணவி ராசிபுரத்துப் பக்கத்துப் பெண். செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பாடம், விசையும் அழுத்தமும். வண்ண சார்ட் பளிச்சென்று தொங்கியது. ஆணி, பலூன், செங்கல், எல்லாம் மேசையில் வரிசையாக. கரும்பலகையில் தேதி, பாடத்தலைப்பு, பதிவு, வருகை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஆணியோட முனை ஏன் கூரா..." என்று அவள் தொடங்கினாள்.

"பரப்பு குறைஞ்சா அழுத்தம் கூடும் மிஸ்!" என்றது வகுப்பு.

பலூனை எடுத்தாள். வாய் திறப்பதற்குள் மூன்றாவது பெஞ்சுச் சிறுமி எழுந்து, இன்னும் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் அவள் தொடையில் கிள்ளினாள். மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பாடம் ஜூலையிலேயே நடந்து முடிந்தது என்றும், சார்ட் தயாராக இருந்ததால் எனக்காகத் திரும்ப எடுக்கப்பட்டது என்றும், ஒத்திகை மூன்று முறை நடந்தது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். எல்லா ஊரிலும் இப்படித்தான். பார்க்க வருபவருக்கு ஒரு பாடம், பிள்ளைகளுக்கு ஒரு பாடம். பிள்ளைகள் மட்டும் இரண்டுக்கும் ஒத்துழைக்கிறார்கள்.

படிவத்தில் மதிப்பெண்களை நிரப்பினேன். கூட்டினால் நல்ல தொகை வந்தது.

இரண்டு பீரியட் கழித்து நால்வரையும் ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்துக் கருத்தறியும் தாளைக் கொடுத்தேன். 'பள்ளிச் சூழல் எனக்கு ஆதரவாக இருந்தது.' 'வழிகாட்டி ஆசிரியர் தேவையான உதவிகளை வழங்கினார்.' 'கோட்பாட்டைச் செயலாக்கும் வாய்ப்புக் கிடைத்தது.' ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், முழுவதும் ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை. ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932இல் வகுத்துக் கொடுத்த முறை. மனப்போக்கை அளக்க அவர் செய்ததை நாங்கள் ஹோட்டல் சாப்பாடு முதல் ஆசிரியர் பயிற்சி வரைக்கும் நீட்டியிருக்கிறோம்.

நான்கு பேரும் எட்டு நிமிடத்தில் முடித்தார்கள். நான்கு தாளிலும் இரண்டாவது கட்டத்தில் நேர் கோடாக டிக். முதல் கட்டம் போட்டால் காக்கா பிடிப்பதாகத் தெரியும், மூன்றாவது போட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவர்கள் டிக் போட்டுக்கொண்டிருந்தபோது வழிகாட்டி ஆசிரியர் அதே அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு இப்படி இருக்கிறது: வருகைச் சான்றிதழில் ஹெச்.எம். கையெழுத்து வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் மதிப்பெண் வேண்டும். என் மதிப்பெண் வேண்டும். கடைசியில் செய்முறைத் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கமிஷன் எல்லா ரெக்கார்டையும் புரட்டும். எங்கள் கல்லூரிக்கோ அடுத்த வருடமும் இந்தப் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கு அடுத்த வருடமும் ஆள் வேண்டும். இதில் யாருக்கு 'மறுக்கிறேன்' கட்டத்தைத் தொட வசதி இருக்கிறது? அனுபவத்தைக் கேட்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை அந்தத் தாளில் வருவது மரியாதைதான், அனுபவம் இல்லை. நாட்குறிப்புக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒதுக்கியவர், அதைப் படிப்பவருக்குப் பெரிய துரோகம் செய்துவிட்டார். என் கல்லூரியில் ஒதுக்கியவர்களில் நானும் ஒருத்தி.

மதியம் சத்துணவு. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முட்டை நாமக்கல்லிலிருந்து நான் வந்த வழியாகவே எழுபது வளைவும் ஏறி வந்திருக்கும், உடையாமல். படிவங்களையெல்லாம் பையில் போட்டு, பையை ஹெச்.எம். அறையில் வைத்துவிட்டு, நால்வரோடும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு நடந்தேன். கையில் பேனாவும் இல்லை. கொஞ்ச நேரம் வானிலை பேசினோம். பிறகு அறிவியல் பெண்தான் ஆரம்பித்தாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா எழுத மாட்டீங்களே?"

ஐந்தாவது வாரத்திலிருந்து மூன்று வாரம் அவள் வகுப்புக்கே போகவில்லை. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றும் வேலை. மேட்டில் ஒரு பாறைமேல்தான் சிக்னல் வரும். வருகைப் பதிவேட்டையும் மொபைலையும் எடுத்துக்கொண்டு அந்தப் பாறைமேல் உட்கார்ந்துவிடுவாளாம். அந்த மூன்று வாரத்துக்கும் அவள் ரெக்கார்டில் பதினைந்து பாடத்திட்டம் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஆர்வமூட்டலில் தொடங்கித் தொடர்பணியில் முடிகிறது.

"அதை எப்போ எழுதினே?"

"அதையும் பாறைமேலதான் மேடம்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் யாரும் பேசவில்லை.

தமிழ் எடுக்கும் தம்பிக்கு வேறு கவலை. அவன் வகுப்பில் முப்பத்தொரு பேர். இரண்டு வாரமாகப் பதினெட்டுக்கு மேல் வருவதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலம் தொடங்கிவிட்டது. தனியாள் ஆய்வுக்கு 'அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவன்' ஒருவனைத் தேர்ந்தெடுத்து, குடும்பச் சூழல் சரியில்லை, ஆலோசனை வழங்கப்பட்டது, முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதியிருந்தான். வருடா வருடம் நான் படிக்கும் தனியாள் ஆய்வுகள் எல்லாமே முன்னேற்றத்தில்தான் முடிகின்றன. பிறகு ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவன் அம்மா இவனை உட்கார வைத்துப் பலாச்சுளை வற்றல் கொடுத்திருக்கிறாள். பையன் ஒரு நாளில் பறித்த பழத்தை இவன் தூக்கிப் பார்த்தானாம், தூக்க முடியவில்லை.

"அந்த வீட்ல எல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு. நான் எழுதினதுதான் சரியில்ல. மாத்தி எழுதலாமா?"

கட்டாயம் மாற்று என்றேன். மாற்றினால் 'முன்னேற்றம்' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை, இன்னொரு பனிக்கட்டி.

மூன்றாமவள் இந்த மலையிலேயே பிறந்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கி வரலாறு பட்டம் வாங்கி, இப்போது பி.எட். பயிற்சிக்குத் தன் மலைக்கே வர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அவளை அக்கா என்கிறார்கள், சிலர் அத்தை என்கிறார்கள். ஒரு பையன் உறவுமுறையில் அவளுக்குச் சித்தப்பா. வழிகாட்டி ஆசிரியர், "மிஸ்னு கூப்பிட வை, இல்லேன்னா கன்ட்ரோல் போயிரும்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் முயன்று பார்த்தாளாம். மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்த பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்புறம்?"

"அவர் இருக்கும்போது மிஸ், போனதும் அக்கா. அவங்களா பழகிக்கிட்டாங்க மேடம்."

வகுப்பறை மேலாண்மை என்று எங்கள் பாடத்தில் ஒரு அலகு இருக்கிறது. பல வருடமாக நடத்துகிறேன். அக்கா என்றால் கேட்கும் பிள்ளை மிஸ் என்றால் கேட்காது என்று அதில் எங்கேயும் இல்லை. சென்னையில் 1856இல் தொடங்கி, இன்று சைதாப்பேட்டையில் இருக்கும் கல்லூரியில் ஆசிரியர்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. மாதிரிப் பள்ளியில் யாரும் யாருக்கும் சித்தப்பா இல்லை என்பதுதான் அதன் வசதி.

நான்காமவள் கணக்கு எடுப்பவள். அவ்வளவு நேரமும் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தவள், மற்றவர்கள் எழுந்த பிறகும் எழவில்லை. சேந்தமங்கலத்துக்காரி. பக்கத்திலிருந்த பள்ளிகள் எல்லாம் நிரம்பிப்போய் மலை கிடைத்தது. அறை எடுக்க வீட்டில் வசதியில்லை, அதனால் தினமும் ஏறி இறங்குகிறாள்.

"காலைல நீங்க வந்த வண்டியிலதான் மேடம் நானும் வந்தேன். பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. சேந்தமங்கலத்தில் ஏறிய கும்பலை நான் திரும்பிப் பார்த்தேன், முகம் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழமும் கையுமாக இருந்தேன்.

அவள் துணிப்பையில் ரெக்கார்டுகளுக்கு நடுவே அட்டை கிழிந்த நோட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அது என்ன என்றேன். "இது ரெக்கார்டு இல்லீங்க மேடம், ரஃப் நோட்டு" என்று உள்ளே தள்ளினாள். பார்க்கலாமா என்று கேட்டேன். மார்க் போட மாட்டேன் என்றும் சொன்னேன். யோசித்துத்தான் கொடுத்தாள்.

ஓடுகிற வண்டியில் எழுதிய கோணல் எழுத்து. முதல் வாரம்: ஸ்டாஃப் ரூமில் எனக்கு நாற்காலி இல்லை, நூலக அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மூன்றாம் வாரம்: ஏழாம் வகுப்பு சதவீதம், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன், எனக்கே இதுவரை புரியவில்லை என்று இன்று புரிந்தது. ஆறாம் வாரம்: வாந்தி நின்றுவிட்டது. ஏழாம் வாரம்: ஒரு நாற்காலி வந்திருக்கிறது, யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. ஒன்பதாம் வாரம், ஒரு பக்கம் முழுக்க ஒரே பெயர், அதன் கீழ் 'இவனை இன்று அடித்துவிட்டேன்.' அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்த பக்கம்: 'பேசிவிட்டான்.'

அவளுடைய அதிகாரபூர்வ நாட்குறிப்பை முன்பே புரட்டியிருந்தேன். ஒன்பதாம் வாரத்தில் 'மாணவர்களுடன் நல்லிணக்கம் ஏற்பட்டது' என்று இருந்தது. பக்கத்தில் என் டிக்.

நோட்டின் பின்னட்டையில் கணக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஏற 70, இறங்க 70. நேற்று வரை 51 நாள். 51 × 140 = 7,140.

"இதே மாதிரிப் பெருக்கல் கணக்கை ஏழாம் வகுப்புல குடுத்தேன் மேடம். எல்லாரும் போட்டுட்டாங்க. ஒருத்தன் மட்டும் எழுந்து, எங்கப்பா கிழங்கு லாரியில ரெண்டு நடை போவாரு, அப்போ அவருக்கு 280ஆ மிஸ்னு கேட்டான். அப்புறம் அவனே கேட்டான், அதை யாராவது எங்கப்பாகிட்ட கேட்டு எழுதியிருக்காங்களான்னு."

இதுதான் நான் அன்று பார்க்காத பாடம். அது நடந்தது போன வாரம் புதன்கிழமை, மூன்றாவது பீரியட், யாரும் பின் பெஞ்சில் உட்கார்ந்து படிவம் நிரப்பாதபோது.

மாலை வண்டியில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். கண்டக்டர் காலையில் பார்த்தவரே. அவளைப் பார்த்து, "என்ன பாப்பா, இன்னிக்குப் பெரிய டீச்சரோடவா?" என்றார். சோளக்காடு தாண்டியதும் வண்டி இறங்கத் தொடங்கியது. இரண்டாவது எலுமிச்சம்பழத்தை அவளிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வண்டி இடப்பக்கம் திரும்பும் முன்பே தோளை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், கண்ணைத் தூரத்து மரத்தில் வைக்க வேண்டும், பலகையைப் படிக்கக் கூடாது. படித்தால் தலை சுற்றும். சொன்னபடியே செய்தேன். வயிறு பொறுத்துக்கொண்டது.

ஐம்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்கோ அவள் தூங்கிவிட்டாள். தலை என் தோளில். மடியில் ரெக்கார்டுப் பை. வளைவுக்கு வளைவு அவள் உடம்பு தூக்கத்திலேயே சரியான பக்கம் சாய்ந்தது. கீழே காளப்பநாயக்கன்பட்டி விளக்குகள் தெரிய ஆரம்பித்தன.

காரவள்ளியில் வண்டி நின்றதும் கண் விழித்தாள். நோட்டை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பினாள். 7,140ஐ ஒரு கோட்டால் அடித்துவிட்டு, கீழே 7,280 என்று எழுதினாள்.